முனைவர்னா யாரு? டாக்டர், கலாநிதி, பேராசிரியர் எல்லாம் ஒண்ணுதானா?

தம்பி கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது எங்க வீட்ல ரெண்டு நாள் ஒரே பேச்சு. மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசி முடிச்சாச்சு, அக்கா பேருக்கு முன்னாடி என்ன போடுறதுங்கறதுலதான் நின்னுச்சு. பெரியப்பா "டாக்டர்னு போடு, ஊருக்கே தெரியட்டும்"னாரு. சித்தப்பா "டாக்டர்னு போட்டா மருத்துவமனைல வேலை பாக்குதுன்னு நெனச்சுக்குவாங்க, பேருக்குப் பின்னாடி பிஎச்டின்னு போட்டா போதும்"னாரு. அம்மாவுக்கு ரெண்டுமே போடணும். அக்கா மட்டும் "முனைவர்னு போடுங்க, அதுதான் நம்ம வார்த்தை"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. சரி முனைவர்னா என்னன்னு பெரியப்பா கேட்டப்ப அங்க உக்காந்திருந்த பத்து பேர்ல யாருக்கும் சட்டுனு சொல்ல வரல, நானும் ஏதோ "பெரிய படிப்பு பெரியப்பா"ன்னு சொல்லி முடிச்சேன். அது சரியான பதில் இல்லைன்னு எனக்கே தெரியும், அதனால இப்ப முழுசா எழுதிடறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க படிச்சாலும் புரியற மாதிரி.

முதல்ல நேரடியா சொல்லிடறேன். ஒரு பல்கலைக்கழகத்துல ஒரு துறையில ஆராய்ச்சி பண்ணி, இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒண்ண ஆதாரத்தோட எழுதி, அத அந்தத் துறை தெரிஞ்சவங்க படிச்சுப் பாத்து கேள்வி கேட்டு ஒத்துக்கிட்டா கிடைக்கிற பட்டம்தான் பிஎச்.டி. அந்தப் பட்டத்துக்குத் தமிழ்ல முனைவர் பட்டம்னு பேரு, வாங்கினவர் முனைவர். ஆணோ பெண்ணோ ஒரே வார்த்தைதான். தமிழ் படிச்சவங்களுக்கு மட்டும்தான் முனைவர்னு சில பேர் நெனச்சுட்டு இருக்காங்க, அப்படி இல்ல. இயற்பியல், வணிகவியல், சட்டம், விவசாயம், கணக்கு எதுல பிஎச்.டி வாங்கினாலும் முனைவர்தான்.

படிப்பு வரிசையில இது எங்க வருதுன்னு பாத்தா, பி.ஏ., பி.எஸ்சி. எல்லாம் இளநிலை, எம்.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் முதுநிலை, அதுக்கு மேல முனைவர் பட்டம். நடுவுல எம்.ஃபில்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஆய்வியல் நிறைஞர்னு அழகான பேரு, ஆனா யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 நவம்பர்ல கொண்டு வந்த புது விதிமுறைல அத நிறுத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு அது செல்லும். பிஎச்.டி முடிச்சப்புறம் போஸ்ட் டாக்டரல்னு சொல்றாங்களே அது பட்டமே இல்ல, சம்பளத்தோட கொஞ்ச வருஷம் ஆராய்ச்சி பண்ற வேலை. டி.லிட்., டி.எஸ்சி.ன்னு பிஎச்.டிக்கும் மேல சில பட்டம் உண்டு, அத வாங்கினவங்கள முதுமுனைவர்னு எழுதற வழக்கமும் இருக்கு.

இப்ப வார்த்தைக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

டாக்டர்ங்கறது லத்தீன் வார்த்தை. டோகேரேன்னா அந்த மொழியில கத்துக்குடுக்கிறது, அதுல இருந்து வந்த டாக்டர்னா கத்துக்குடுக்கிறவர், அதாவது வாத்தியார். ஊசிக்கும் மருந்துக்கும் அந்த வார்த்தைல எந்த சம்பந்தமும் கிடையாது. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல பொலோனா, பாரிஸ் மாதிரி ஊர்கள்ல பல்கலைக்கழகம் உருவானப்ப சட்டம், மருத்துவம், இறையியல் இதுல எல்லாம் மத்தவங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கத் தகுதி வந்தவருக்குக் குடுத்த பேர்தான் டாக்டர். அந்த மூணு பேர்ல சாதாரண ஜனங்க அடிக்கடி போய்ப் பாக்கிறது வைத்தியரத்தான், அதனால பேச்சு வழக்குல அந்த வார்த்தை அவர்கிட்டயே ஒட்டிக்கிச்சு. பிஎச்.டிங்கறதுக்கு விரிவு டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி, இதுல இருக்கற ஃபிலாசஃபிங்கறதும் தத்துவப் பாடம் மட்டும்னு அர்த்தம் இல்ல, கிரேக்கத்துல அதுக்கு அறிவு மேல வச்ச அன்புன்னு பொருள், அந்தக் காலத்துல சட்டம், மருத்துவம், இறையியல் தவிர மத்த எல்லாக் கல்வியையும் அந்த ஒரு பேருக்குள்ள அடக்குனாங்க. அதான் வேதியியல்ல ஆராய்ச்சி பண்றவரும் ஃபிலாசஃபி பட்டம் வாங்கறாரு.

இன்னிக்கு நாம பாக்கற மாதிரி ஆராய்ச்சி பண்ணி ஆய்வேடு எழுதி வாங்கற பிஎச்.டி ஜெர்மனில வளந்தது, 19ஆம் நூற்றாண்டுல. பெர்லின் பல்கலைக்கழகம் 1810ல ஆரம்பிச்சாங்க, பாடம் நடத்தறதும் ஆராய்ச்சி பண்றதும் ஒரே இடத்துல நடக்கணும்ங்கற எண்ணம் அங்க இருந்துதான் பரவுச்சு. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம் 1861ல முதல் பிஎச்.டி குடுத்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டு 1917லதான் கொண்டு வந்துச்சு, அவங்க அத டி.ஃபில்னு சொல்றாங்க. ஜெர்மன்காரங்க ஆராய்ச்சிக்கு வழிகாட்டறவரை டோக்டர்ஃபாட்டர்னு சொல்றாங்க, ஃபாட்டர்னா அப்பா. நம்ம பக்கம் அவருக்கு நெறியாளர்னு பேரு, பேச்சுல எல்லாரும் கைடுன்னுதான் சொல்றோம்.

சரி, முனைவர்? இதுக்குள்ள முனைங்கற சொல் இருக்கு. ஊசி முனை, தெரு முனை, போர் முனை எல்லாம் அதான், ஒரு பொருளோட முன்னால நிக்கற இடம். முனையறது, முனைப்பா இருக்கறதுன்னு வினையாவும் அது நம்ம வாயில இருக்கு. ஆனா இந்த வார்த்தை இருக்கற பழைய இடம் ஒண்ணு இருக்கு, தொல்காப்பியம் மரபியல்ல:

வினையின் நீங்கி விளங்கிய அறிவின்
முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்

வினையில இருந்து விடுபட்டு அறிவு தெளிஞ்ச முனைவன் எவனோ, அவன் கண்டு சொன்னதுதான் முதல் நூல்னு சொல்லுது. பழைய உரைகாரங்க இந்த முனைவன்ங்கறத இறைவன்னு எடுத்துக்கறாங்க, அதனால பிஎச்.டி முடிச்சவங்க எல்லாம் தொல்காப்பியர் சொன்ன முனைவன்னு நான் சொல்ல வரல. எனக்கு அதுல பிடிச்சது அந்த முதல் நூல்ங்கற கருத்து. தொல்காப்பியம் நூல ரெண்டா பிரிக்குது. ஒண்ணு முதல் நூல், இன்னொண்ணு வழிநூல். வழிநூல்னா ஏற்கனவே இருக்கறத வச்சு எழுதறது, அதுலயும் நாலு வகை சொல்லுது: நிறைய இருக்கறதச் சுருக்கித் தொகுக்கறது, சுருக்கமா இருக்கறத விரிக்கறது, தொகுத்தும் விரிச்சும் எழுதறது, வேற மொழில இருந்து மொழிபெயர்க்கறது. நாலுமே உழைப்புதான், நாலுமே தேவைதான். ஆனா நாலும் முதல் நூல் ஆகாது.

பிஎச்.டிக்கும் மத்த படிப்புக்கும் இருக்கற வித்தியாசம் அப்படியே இதுதான். எம்.ஏ. வரைக்கும் மத்தவங்க கண்டு சொன்னத நாம படிக்கறோம், புரிஞ்சுக்கிட்டோம்னு பரிட்சை எழுதிக் காட்டறோம். பிஎச்.டில நாம ஒண்ண கண்டு சொல்லணும். அது சின்னதா இருக்கலாம், ரொம்பச் சின்னதா இருக்கலாம், ஆனா அது இதுக்கு முன்னாடி எழுத்துல இருந்திருக்கக் கூடாது. நூறு புத்தகத்தப் படிச்சு அழகா தொகுத்து எழுதினா அது நல்ல வழிநூல், அது மட்டுமே ஆய்வேடு ஆகாது. டாக்டர்ங்கற வார்த்தைக்கு அர்த்தம் கத்துக்குடுக்கறவர்னா, முனைவர்ங்கறது முன்னால போய் நிக்கறவர்னு எனக்குப் படுது, அதனால இந்தப் பட்டத்தோட சாரம் தமிழ் வார்த்தைலதான் சரியா உக்காருதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

சின்னதுன்னு சொன்னேன்ல, எவ்வளவு சின்னதுன்னு அக்காவோட ஆராய்ச்சியையே சொல்றேன். அவ எடுத்துக்கிட்டது எங்க மாவட்டத்துக் கண்மாய்ப் பாசனச் சொற்கள். கண்மாய்னா ஏரி, புதுக்கோட்டை பக்கம் அதுக்குக் குறைவே இல்ல. மடை, மதகு, கலிங்கு, தூம்பு (தண்ணி வெளிய போக கரைக்கடியில இருக்கற வழி), குமிழி, உள்வாய்னு அத சுத்தி ஒரு பெரிய சொல் உலகமே இருக்கு, எந்த வார்த்தை எந்த ஊர்ல இன்னும் பேச்சுல இருக்கு, எது போச்சு, எந்த ஊர்ல அர்த்தம் மாறிப்போச்சுன்னு ஊர் ஊரா போய்க் கேட்டு எழுதுனா. காலேஜ்ல வேலை பாத்துக்கிட்டே பகுதி நேரமா பண்ணதால லீவு நாள்லதான் போக முடியும், ஆறு வருஷம் ஓடுச்சு. ஸ்கூட்டி, ஒரு நோட்டு, போன்ல ரெக்கார்டிங், அவ்வளவுதான் கருவி. ஒரு வெயில் நாள் நானும் கூடப் போனேன். மடை தெறக்கற வேலை பாத்த ஒரு பெரியவர், எழுபதத் தாண்டினவரு, கண்மாய்க் கரைல உக்காந்து "இதுக்குப் பேரு என்ன ஐயா"ன்னு இவ கேக்க கேக்க குச்சியால மண்ணுல கோடு போட்டுக் காமிச்சாரு, இந்தப் பக்கம் தண்ணி வரும், இதுல ஓட்டை, இத அடைக்கறது இது, நீ தப்பா எழுதற அத அழின்னு. மூணு மணி நேரம். வீட்டுக்கு வந்து பாத்தா நோட்டுல ஒண்ணரைப் பக்கம். "இதுக்கா இவ்வளவு நேரம்"னு கேட்டேன், "இந்த ஒண்ணரைப் பக்கம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல"ன்னா.

புதுசுன்னா அதுதான்.

சரி, இத வாங்கற வழி என்னன்னு கொஞ்சம். முதுநிலைல 55 சதவீதம் வேணும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நாலு வருஷ இளநிலைப் படிப்புல 75 சதவீதம் எடுத்தவங்களும் நேரா சேரலாம்னு 2022 விதிமுறை சொல்லுது. நெட்னு தேசிய அளவுல நடக்கற தகுதித் தேர்வோ பல்கலைக்கழகம் நடத்தற நுழைவுத் தேர்வோ எழுதணும், நேர்காணல் இருக்கும், ஒரு நெறியாளர் கிடைக்கணும். இந்தக் கடைசி விஷயம்தான் நிறைய பேருக்குக் கஷ்டம், ஏன்னா ஒரு பேராசிரியர் ஒரே நேரத்துல 8 பேருக்குதான் வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4, இடம் காலியா இருந்தாதான் எடுக்க முடியும். சேந்தப்புறம் கோர்ஸ்வொர்க்னு ஆராய்ச்சி முறைகளப் பத்தின பாடங்கள், தேர்வு. அப்புறம் ஆய்வுக்குழு முன்னாடி அப்பப்ப போய் என்ன பண்ணிருக்கோம்னு சொல்லணும், டிசி மீட்டிங்னு பேச்சுல சொல்றது இதத்தான். குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம், மறுபதிவு பண்ணா இன்னும் 2 வருஷம், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுக்கும் மேல 2 வருஷம் தளர்வு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரைக்கும் லீவு எடுக்கலாம், இது தெரியாமலே நடுவுல விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க, அதனால எழுதறேன், தெரிஞ்சவங்க யாராவது அந்த நிலைமைல இருந்தா சொல்லுங்க. ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. அது கிடைக்காதவங்க சொந்தக் காசுலதான் ஓட்டணும், எங்க அக்கா மாதிரி.

எழுதி முடிச்ச ஆய்வேட்ட அடுத்தவங்க எழுத்தக் காப்பியடிச்சிருக்காங்களான்னு மென்பொருள்ல போட்டுப் பாப்பாங்க. 2018ல வந்த யூஜிசி விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, 60க்கு மேல போனா பதிவே ரத்து. பட்டம் வாங்கி வருஷக்கணக்கா ஆனப்புறம் மாட்டினாலும் பட்டத்தத் திருப்பி எடுத்துக்கலாம். ஜெர்மனில 2011ல பாதுகாப்பு அமைச்சரா இருந்த குட்டென்பெர்க் விஷயத்துல அதான் நடந்துச்சு, ஆய்வேட்டுல காப்பி இருக்குன்னு தெரிஞ்சு பைராய்ட் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்த ரத்து பண்ணுச்சு, கொஞ்ச நாள்லயே பதவியும் போச்சு.

அப்புறம் வாய்மொழித் தேர்வு, வைவான்னு சொல்றது. ஆய்வேடு நெறியாளர் தவிர குறைஞ்சது ரெண்டு வெளித் தேர்வாளர்களுக்குப் போகும், அவங்க படிச்சு அறிக்கை அனுப்பி, சரின்னு சொன்னாதான் இந்த நாள் வரும். இது பூட்டின ரூமுக்குள்ள நடக்கற தேர்வு இல்ல, பொதுவுல நடக்கும், யாரு வேணா வந்து உக்காரலாம், கேள்வியும் கேக்கலாம். அக்காவோட வைவாவுக்கு நாங்க குடும்பத்தோட போனோம். அப்பா வேட்டி சட்டையில கடைசி வரிசைல ஓரமா உக்காந்தாரு, அவர் ஜென்மத்துல ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ள நுழைஞ்சது அன்னிக்குதான். மேசை மேல மெரூன் கலர் அட்டை, தங்க எழுத்து, தடிமனா ஆய்வேடு. வெளில இருந்து வந்த பெண் தேர்வாளர் அதுல நிறைய இடத்துல மஞ்சச் சீட்டு ஒட்டி வச்சிருந்தாங்க, அத பாத்ததும் எங்க அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

அக்கா முக்கால் மணி நேரம் பேசினா. அப்புறம் கேள்வி. "தூம்புங்கறது கல்வெட்டுல வர்ற சொல்லு, இது இன்னும் பேச்சுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, யார் சொன்னா, எப்ப கேட்டீங்க, ஒருத்தர் சொன்னா போதுமா?" அக்கா தேதியச் சொன்னா, ஊரச் சொன்னா, அந்தப் பெரியவர் பேரச் சொன்னா, அதே வார்த்தைய வேற ரெண்டு ஊர்ல யார் யார்கிட்ட கேட்டான்னு சொன்னா, பின்னிணைப்புல எந்தப் பக்கம்னும் சொன்னா. அந்த அம்மா சீட்ட ஒண்ணொண்ணா பிரிச்சு எடுத்துக்கிட்டே வந்தாங்க. பின்னாடி எங்க அப்பாவுக்கு இதுல பாதி கூடப் புரியாதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன், ஆனா அந்த ஹால்ல தூம்புன்னா என்னன்னு கையால மண்ணத் தோண்டித் தெரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அவருதான். கேள்வி எல்லாம் முடிஞ்சு தேர்வாளர்கள் கலந்து பேசிட்டு வந்து, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரை செய்யறோம்னு படிச்சாங்க. எல்லாரும் கை தட்டினோம், கேசரியும் மிக்சரும் குடுத்தோம். அந்த அம்மா கிளம்பும்போது அக்கா தோள்ல தட்டி "வர்றேன் முனைவரே"ன்னாங்க. அக்காவ அப்படிக் கூப்பிட்ட முதல் ஆளு அவங்கதான்.

ஆனா ஒண்ணு, அன்னிக்கே பேருக்கு முன்னாடி போட்டுக்க முடியாது. பல்கலைக்கழகம் முறைப்படி அறிவிச்சு தற்காலிகச் சான்றிதழ் கைல வந்தப்புறம்தான் முனைவர். அதுவரைக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர், சும்மா பேச்சுல ஸ்காலர். ரெண்டாவது வருஷம் படிக்கும்போதே போஸ்டர்ல முனைவர்னு போடறத பாக்கறேன், அது ரொம்பத் தப்பு, அந்த வார்த்தைக்குப் பின்னாடி ஒரு தேர்வு இருக்கு. ஆய்வேடு அப்புறம் சோத்கங்கான்னு இணையத்துல இருக்கற பொதுக் களஞ்சியத்துல ஏறும், காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் நடத்தறது, யாரு வேணாலும் இலவசமா படிக்கலாம். ஒருத்தர் என்ன கண்டு சொல்லி முனைவர் ஆனாருன்னு தெரியணும்னா அதுல தேடிப் பாருங்க.

அடுத்து எல்லாரும் குழம்பற இடம், மருத்துவரும் டாக்டர், முனைவரும் டாக்டர். நம்ம நாட்டுல எம்பிபிஎஸ் இளநிலைப் பட்டம்தான், அத முடிச்சவங்கள டாக்டர்னு கூப்பிடறது தொழில வச்சு வந்த மரியாதை வழக்கம். இங்கிலாந்துல அறுவை சிகிச்சை நிபுணர்கள் டாக்டர்னு போட்டுக்காம மிஸ்டர்னு போட்டுக்கற பழைய வழக்கம் இன்னும் இருக்கு. தமிழ்ல நமக்கு இந்தச் சிக்கலே வேண்டாம், மருத்துவர் தனி, முனைவர் தனி, ரெண்டு நல்ல வார்த்தை ரெடியா இருக்கு. அம்பேத்கர் பேருக்கு முன்னாடி டாக்டர்னு இருக்கறத பாத்துட்டு அவர் வைத்தியம் பாத்தவரான்னு ஒரு பையன் என்கிட்ட கேட்டான். அவர் லண்டன் பொருளாதாரப் பள்ளில 1923ல டி.எஸ்சி., நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 1927ல பிஎச்.டி, ரெண்டும் பொருளாதாரத்துல, ரெண்டும் ஆராய்ச்சி பண்ணி வாங்கினது. பிரிட்டிஷ் இந்தியாவுல மாகாணங்களோட நிதி எப்படி வளந்துச்சு, ரூபாய்க்கு என்ன பிரச்சினைன்னு எழுதினவர். முத்துலட்சுமி ரெட்டிக்கு முன்னாடி இருக்கற டாக்டர் வேற, அவங்க 1912ல சென்னை மருத்துவக் கல்லூரில படிச்சு முடிச்ச மருத்துவர்.

மூணாவதா ஒரு டாக்டர் இருக்கு, கௌரவ டாக்டர், மதிப்புறு முனைவர்னு எழுதறாங்க. ஆய்வேடு, வைவா எதுவும் இல்லாம ஒருத்தரோட வாழ்நாள் பணிய மதிச்சு பல்கலைக்கழகம் குடுக்கறது. அப்துல் கலாம் படிச்சது விமானப் பொறியியல், பிஎச்.டி பண்ணல, அவர் பேருக்கு முன்னாடி வந்த டாக்டர் பல பல்கலைக்கழகங்கள் குடுத்த கௌரவப் பட்டம். எம்.ஜி.ஆர், கலைஞர் பேருக்கு முன்னாடி வந்ததும் அதே வகைதான். இதுல எனக்கு எப்பவும் முதல்ல ஞாபகம் வர்றது உ.வே.சா. கும்பகோணம் கல்லூரில தமிழ்ப் பண்டிதரா இருந்துக்கிட்டு ஊர் ஊரா ஓலைச்சுவடி தேடி அலைஞ்சு 1887ல சீவக சிந்தாமணியப் பதிப்பிச்சு, அப்புறம் சங்க நூல்கள ஒண்ணொண்ணா வெளிக்கொண்டு வந்தவர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்துலயும் மாணவரா உக்காந்து படிச்சது இல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1932ல அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. பெசன்ட் நகர்ல இன்னிக்கும் டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையம்னு பலகை இருக்கு. ஆய்வேடு எழுதலன்னாலும் நான் சொன்ன மாதிரி முன்னால போய் நின்னவர், அவர் பதிப்பு இல்லன்னா பின்னாடி எத்தனையோ பேர் பிஎச்.டி பண்றதுக்குப் புத்தகமே இருந்திருக்காது.

எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) கிட்ட ரெண்டு வகையும் உண்டு. சங்க இலக்கியத்துல இயற்கை எப்படி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணி 1948ல சென்னைப் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினாரு, 1972ல அமெரிக்காவுல ஊஸ்டர் கல்லூரி கௌரவ டி.லிட். குடுத்துச்சு. அவர் காலத்துப் புத்தக அட்டைல எல்லாம் டாக்டர்னுதான் இருக்கும், முனைவர்ங்கறது பிற்பாடுதான் பரவலாச்சு. மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் டாக்டருக்குப் பண்டாரகர்னு ஒரு சொல்ல எழுதினாரு, அது நிலைக்கல.

இலங்கைல இந்தக் கதையே வேற. அங்க முனைவர்னு சொல்றது குறைவு, பிஎச்.டி முடிச்சவங்க கலாநிதி. கலைகளோட நிதி, அதாவது கல்விச் செல்வம் சேத்து வச்சிருக்கறவர்னு பொருள். மருத்துவருக்கு வைத்திய கலாநிதின்னு எழுதற வழக்கமும் அங்க உண்டு. எம்.ஃபில்லுக்கு முதுதத்துவமாணி, எம்.ஏ.வுக்கு முதுகலைமாணி, மாணிங்கற அந்த ஓசையே தனி அழகு. கலாநிதி கைலாசபதி, கலாநிதி சிவத்தம்பின்னு பழைய புத்தகங்கள்ல பாத்திருப்பீங்க, ரெண்டு பேரும் இங்கிலாந்துல பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் தாம்சன்ங்கற அறிஞர்கிட்ட ஆராய்ச்சி பண்ணவங்க. நம்ம ஊர்ல கலாநிதின்னா ஆளோட பேரு, இல்லன்னா சென்னை மியூசிக் அகாடமி இசைக் கலைஞர்களுக்குக் குடுக்கற சங்கீத கலாநிதி விருது. அதனால இலங்கைக் கட்டுரைல கலாநிதி இன்னார்னு பாத்தா அத பேரோட சேத்துப் படிச்சுடாதீங்க, அது பட்டம். எனக்குக் கலாநிதிங்கற வார்த்தையும் பிடிக்கும், ஆனா சேத்து வச்சதவிட கண்டுபிடிச்சது முக்கியம்னு நெனைக்கறதால முனைவர் பக்கம்தான் நிப்பேன்.

பேராசிரியர்? அது பட்டம் இல்ல, பதவி. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர்னு படிப்படியா வர்ற வேலை. முனைவர் ஆகாத உதவிப் பேராசிரியர் உண்டு, கல்லூரில வேலையே இல்லாத முனைவரும் நிறைய உண்டு. ரெண்டும் இருந்தா பேராசிரியர் முனைவர் இன்னார்னு சேத்து எழுதலாம்.

டாக்டர் முனைவர்னு சேத்து எழுதக் கூடாது, ஒரே விஷயத்த ரெண்டு மொழில சொல்ற மாதிரி ஆயிடும். முன்னாடி முனைவர், பின்னாடி பிஎச்.டின்னு ரெண்டு பக்கமும் போடறதும் அப்படித்தான், ஏதாவது ஒண்ணு போதும். ரெண்டு துறைல பிஎச்.டி வாங்கினாலும் ஒரு தடவதான் முனைவர். எழுத்துல ரெண்டு சுழி னகரமா, மூணு சுழி ணகரமான்னு சந்தேகம் வரும், முனை எழுதற அதே னை.

எங்க பத்திரிகைல முதல் ப்ரூஃப்ல முனிவர்னு வந்துச்சு. அச்சகத்துப் பையன் போன்ல டைப் பண்ணும்போது அதுவா மாத்திருச்சுன்னான். ரெண்டாவது ப்ரூஃப்ல முனைவர் சரியா இருந்துச்சு, பின்னாடி பிஎச்.டியும் சேந்து நின்னுச்சு, அம்மா தனியா போன் பண்ணி சொல்லியிருக்காங்க. அப்பாதான் பேனாவ எடுத்து அத அடிச்சுவிட்டு, முன்னாடி இருக்கறது போதும்னாரு. மூணாவது ப்ரூஃப்ல வெறும் முனைவர், ஒரு இடம் விட்டு அக்கா பேரு. ஐந்நூறு அடிச்சோம். முதல் பத்திரிகைய மஞ்சள் தடவி கோயில்ல வச்சுட்டு, ரெண்டாவத எடுத்துக்கிட்டு அக்கா அந்தக் கண்மாய்க்கரைப் பெரியவர் வீட்டுக்குப் போனா.